இரும்பு என்றால் பச்சை மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் வண்ணக் கண்ணாடிக் கட்டுரையைப் படித்தேன். கோபால்ட் போட்டால் நீலம், இரும்பு போட்டால் பச்சை, தாமிரம் போட்டால் பச்சை கலந்த நீலம் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தீர்கள். மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் கண்ணாடி உலைப் பக்கம் சில வருடம் வேலை பார்த்தவனுக்கு அது பாதிக் கதை. உலைக்குள் அந்த உலோகத்துக்கு ஆக்சிஜன் எவ்வளவு கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

இரும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறம் தெரியாது. அதன் விளிம்பைப் பாருங்கள், பச்சையாக இருக்கும். அந்த இரும்பை யாரும் சேர்க்கவில்லை, மணலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆக்சிஜன் குறைந்த நிலையில் இரும்பு நீலப்பச்சை காட்டும். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் வெளிர் மஞ்சளுக்கு மாறும். அதே இரும்போடு கந்தகமும் கொஞ்சம் கரியும் சேர்ந்தால், மருந்து பாட்டிலின் பழுப்பு நிறம் வந்துவிடும். புற ஊதாக் கதிரை மறித்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவது அந்தப் பழுப்புதான். உங்கள் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

தாமிரம் இன்னும் வேடிக்கை. ஆக்சிஜனைப் பட்டினி போட்டு உருக்கினால் நீலம் போய்விடும். வெளியே எடுக்கும்போது பெரும்பாலும் நிறமே இருக்காது. மறுபடி சூடு காட்டினால், கண்ணெதிரே சிவப்பு ஏறும். உள்ளே நுண்ணிய தாமிரத் துகள்கள் உருவாவதுதான் காரணம்.

அப்புறம் மாங்கனீசு. இரும்பின் பச்சையைப் போக்க அதைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அதனால் 'கண்ணாடிக்காரர் சோப்பு' என்றே அதற்குப் பெயர். அப்படிச் செய்த பழைய பாட்டில்கள் பல வருடம் வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாகிவிடும். உலையை விட்டு வந்த பிறகும் மாங்கனீசின் நிலை மாறுகிறது என்று அர்த்தம்.

கோபால்ட் மட்டும் பிடிவாதக்காரன். சாதாரணக் கண்ணாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும், உலை எப்படி இருந்தாலும் ஆழ்ந்த நீலம்தான்.

அந்தப் பட்டியலை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், 'உலையின் நிலை' என்று இன்னொரு கட்டம் சேர்த்துப் போடுங்கள். கோபால்டுக்கு நேரே அதைக் காலியாக விட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்