பேரேட்டில் உள்ள கோஹோமாலஜி

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மணி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வங்கி வேலை முடிந்ததும் மறுபடி கணக்குப் புத்தகங்களை எடுத்திருக்கிறாய் என்று படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறார். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பிறகு என் புத்தக அலமாரியை மாடிக்கு ஏற்றிவிட்டேன். பெண்ணையாறும் கெடிலமும் இருக்கிற ஊரில் அதுதான் சரி.

ரீமான் பரப்புகளின் மாடுலி வெளி என்று எம்.எஸ்சி.யில் கேள்விப்பட்டோமே, அதன் கோஹோமாலஜி இப்போதாவது தெரிந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். துளையுள்ள கலப்பெண் பரப்புகளின் வடிவங்களையெல்லாம் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைத்துத் தொகுத்தால் வருவது அந்த வெளி. ஒரு வெளியில் எந்தப் படியில் எத்தனை ஓட்டைகள் என்று கணக்கு வைப்பது கோஹோமாலஜி, அதன் உறுப்புகள் வகுப்புகள். தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் தெரியாதது எவ்வளவு பெரியது என்பது நன்றாகத் தெரிந்துவிட்டது. என்னை இந்த விஷயம் விடாமல் பிடித்திருப்பது அதனால்தான்.

துளைகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், துளை எண்ணிக்கையை மும்மடங்காக்கி 3 கழித்தால் அத்தனை கலப்பெண் அளவுருக்கள் என்று ரீமான் 1857-இல் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அந்த வெளியில் காப்பா வகுப்புகள் என்று இயல்பாகவே சில கோஹோமாலஜி வகுப்புகள் கிடைக்கின்றன. துளைகள் கூடக்கூட, தாழ்ந்த படிகளில் இவற்றின் பெருக்கல்களைத் தவிர விகிதமுறு கெழுக்களில் வேறெதுவும் இருக்காது என்று மம்ஃபோர்ட் 1983-இல் ஊகித்தார். தாழ்ந்த படிகளில் கோஹோமாலஜி ஒரு கட்டத்துக்கு மேல் மாறாது என்று ஹாரர் 1985-இல் நிறுவினார். மாட்ஸனும் வைஸும் மம்ஃபோர்டின் ஊகத்தையே நிரூபித்துவிட்டார்கள். 2007-இல் வெளியானது அது. அழகான தேற்றம், அதில் சந்தேகமே இல்லை. இதோடு கதை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும்.

முடியவில்லை. ஹாரரும் ஸாகியரும் 1986-இலேயே இந்த வெளியின் ஆய்லர் எண்ணைக் கண்டுபிடித்திருந்தார்கள். இரட்டைப்படைப் படிகளில் உள்ளதைக் கூட்டி, ஒற்றைப்படைப் படிகளில் உள்ளதைக் கழித்தால் வருவது ஆய்லர் எண். துளை எண்ணிக்கையை இரட்டித்துக்கொள். அந்த இரட்டிப்புக்குரிய பெர்னூலி எண்ணை, இரட்டிப்பாலும் அதில் 2 குறைத்த எண்ணாலும் வகுத்துவிடு, அவ்வளவுதான். 2 துளைக்கு −1/240, 3 துளைக்கு 1/1008. சமச்சீர் உள்ள பரப்புகளைப் பின்னமாக எண்ணுவதால் பின்னம் வருகிறது. துளைகள் பெருகும்போது உண்மையான ஆய்லர் எண்ணும் இதே வேகத்தில்தான் போகிறது. பெர்னூலி எண்கள் தொடர்பெருக்க வேகத்தில் ஏறுபவை, உனக்குத் தெரியும். காப்பா வகுப்புகளின் பெருக்கல்களை எண்ணினாலோ வருவது பிரிவினை எண்கள், அதாவது ஓர் எண்ணை முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற கணக்கு, 1918-இல் ஹார்டியும் ராமானுஜனும் வளர்ச்சி கண்டுசொன்ன அதே எண்கள். அவை அடுக்கு வேகத்துக்குக்கூட எட்டாது. வங்கிக்காரனுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: பேரேட்டில் இருப்பு மலைபோல் நிற்கிறது, பெட்டியைத் திறந்தால் சில்லறை. அதிலும் இரட்டைப்படைத் துளைகளுக்கு ஆய்லர் எண் எதிர்க்குறி. அப்படியென்றால் ஒற்றைப்படைப் படிகளில் ஏராளமாக இருந்தாக வேண்டும். காப்பா வகுப்புகள் எல்லாம் இரட்டைப்படைப் படிகளில் இருப்பவை, அவற்றால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இதில் நம் பக்கத்து ஆட்களையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு பரப்பை நிலைநிறுத்தி, அதன்மேல் உள்ள வெக்டர் கற்றைகளின் (புள்ளிக்கு ஒரு வெக்டர் வெளி என்று ஒட்டியவை) மாடுலி வெளியை எடுத்தால் நிலைமையே வேறு. சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ராசினிடம் படித்த நரசிம்மனும் சேஷாத்ரியும் 1965-இல் அதற்கு அடித்தளம் போட்டார்கள். 1975-இல் ஹார்டரும் நரசிம்மனும் முடிவுறு புலங்களில் புள்ளிகளை எண்ணி, கற்றையின் தரம், படி என்ற இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி இல்லாதபோது பெட்டி (Betti) எண்களை, அதாவது ஒவ்வொரு படியிலும் கோஹோமாலஜியின் அளவையெல்லாம், கணக்கிட வழி காட்டினார்கள். அங்கே கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போகின்றன. பரப்பையே மாறவிட்டால்தான் சிக்கல்.

சரி, கைக்கு வந்தவை என்னென்ன? 3 துளைக்கு 6-ஆம் படியில் காப்பாவுக்கு அடங்காத ஒன்று இருப்பதை லூயிங்கா 1993-இல் கண்டார். 4 துளைக்கு 5-ஆம் படியில் ஒன்று, அது டொமாசியின் 2005 கணக்கு. பெரிய திருப்பம் சான், கலாஷியஸ், பெய்ன் மூவரும் 2021-இல் வெளியிட்ட கட்டுரை. பரப்பிலுள்ள வளையங்களை இறுக்கிப் புள்ளியாக்கினால் அது துண்டுகளாகிப் புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். துண்டுக்கு ஒரு முனை, ஒட்டும் புள்ளிக்கு ஒரு கோடு என்று போட்டால் ஒரு கிராஃப் கிடைக்கும். இந்த கிராஃப்களின் கணக்கிலிருந்தே கோஹோமாலஜியின் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. கோடுகளை வரிசைப்படுத்து. இரண்டை இடம் மாற்றினால் குறி மாறும் என்று வைத்துக்கொள். கிராஃபின் ஏதாவது ஒரு சமச்சீர் கோடுகளை ஒற்றைப்படை மாற்றமாகக் கலைத்தால் அந்த கிராஃப் பூஜ்யம்.

இதைத் தாளில் போட்டே பார்த்துவிடலாம். 4 ஆரக்கால் சக்கரத்தை எடு. எதிரெதிரான இரண்டு ஆரக்கால்களை அப்படியே வைத்து மற்ற இரண்டை மாற்று. ஆரக்காலில் ஒரு ஜோடி, விளிம்பில் இரண்டு ஜோடி, ஆக மூன்று மாற்றம். ஒற்றைப்படை, சக்கரம் பூஜ்யம். 3 ஆரக்கால் சக்கரத்தில் ஒன்றை வைத்து மற்ற இரண்டை மாற்றினால் ஆரக்காலில் ஒரு ஜோடி, விளிம்பில் ஒரு ஜோடி. இரட்டைப்படை, பிழைத்துக்கொள்கிறது. மற்ற சமச்சீர்களும் அப்படித்தான். லூயிங்கா கண்ட 6-ஆம் படி வகுப்பு இந்தச் சின்னச் சக்கரத்திலிருந்தே வருகிறது! அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கூட இரண்டாம் பட்சமாகிவிட்டது.

துளைகளின் நான்கு மடங்கில் 6 குறைத்த படியில் கோஹோமாலஜி குறைந்தது அடுக்கு வேகத்தில், ஏறக்குறைய 1.32-இன் அடுக்காக, வளர்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். பிரவுன், வில்வாக்கர் தேற்றங்கள் அதற்குக் கைகொடுத்தன. அந்த இடம் காலியாக இருக்கும் என்று கொன்ட்செவிச் போன்றவர்களே ஊகித்திருந்தார்கள் என்பதை மறந்துவிடாதே. 2024-இல் போரின்ஸ்கியும் ஸகோர்கோவும் கிராஃப்களின் ஆய்லர் எண்ணை அளந்து, இந்த கிராஃப் பங்கு மட்டுமே அடுக்கு வேகத்தை மிஞ்சி வளர்கிறது என்று நிறுவிவிட்டார்கள். ஆனால் அதுவும் எண்ணித் தெரிந்ததுதான். ஒரு வகுப்பை எடுத்து இதோ என்று காட்டுவது இன்னும் அரிதாகவே இருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு இதைவிட நல்ல வேலை வேண்டுமா? என் மாணவர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5 ஆரக்கால் சக்கரத்தை நீயே போட்டுப் பார்த்து எழுது. பொங்கல் முடிந்து புதுச்சேரிக்கு மகள் வீட்டுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அங்கிருந்து கடலூருக்குப் பேருந்து ஏறிவிடு. அப்புறம் இரண்டு நாள் தங்கிப் போகிற மாதிரி வா, அந்த மூவரின் கட்டுரையைச் சேர்ந்தே படிப்போம். தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
செல்வம்