பரணில் கிடைத்த டைனமோ

காசிமேடு, சென்னை-13
தை, ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்தி பிறந்த சேதியைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "புள்ள யாரு சாடை?" மறக்காமல் எழுது. இங்கே எல்லாரும் சுகம்.

போன வாரம் பரணை ஒழித்தபோது உன் பழைய சைக்கிள் டைனமோ கிடைத்தது. விடியற்காலையில் துறைமுகத்துக்கு டபுள்ஸ் போவோமே, அதை டயரில் சாய்த்ததுமே பெடல் கனத்துவிடும். "கால் வலிக்குதுடா, எடுத்து விடு" என்பாய். விளக்கில் எரிந்தது உன் கால் வலிதான். சில மாதமாக நான் படித்துக்கொண்டிருக்கும் நண்டு நெபுலா என்ற விண்மேகத்திலும் அதேதான் நடக்கிறது.

1054 ஜூலையில் ரிஷபத்தின் கொம்பு நுனியருகே புதிதாக ஒரு விண்மீன் தோன்றியதைச் சீனர்கள் குறித்து வைத்தார்கள். இருபத்து மூன்று நாள் பட்டப்பகலிலேயே தெரிந்ததாம். இராசாதிராச சோழன் கொப்பத்துப் போரில் யானை மேல் துஞ்சியதும் அதே ஆண்டு என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அன்று வெடித்துச் சிதறியது 6,500 ஒளியாண்டுக்கு அப்பால் இன்று மேகமாக விரிந்து கிடக்கிறது. நடுவில் மிஞ்சியது ஒரு பல்சர், வேகமாகச் சுழலும் விண்மீன் எச்சம். சூரியனைவிடக் கனம், குறுக்களவோ காசிமேட்டிலிருந்து எண்ணூர் போய்த் திரும்பும் தூரம்தான். அந்த ராட்சதக் காந்தம் நொடிக்கு 30 சுற்று சுற்றுகிறது.

என்னைத் தூங்கவிடாதது இதுதான். அந்த மேகம் எக்ஸ் கதிரில் ஒளிர்வது, காந்தப் புலத்தில் சுருண்டு சுருண்டு ஓடும் எலக்ட்ரான்களால். அப்படி ஒளிர்கிற எலக்ட்ரான் சில வருடத்திலேயே தன் ஆற்றலைச் செலவழித்துவிடும். வெடித்து ஆயிரம் வருடமாகப் போகிறதே, விளக்கு ஏன் அணையவில்லை? யார் எண்ணெய் ஊற்றுவது? 1968-இல் பல்சரைக் கண்டுபிடித்து, அதன் சுழற்சியை அளந்தபோதுதான் விடை தெரிந்தது. அது மெல்ல மெல்ல வேகம் குறைகிறது. ஒரு நொடியைக் கோடித் துண்டாக்கினால் அதில் அரைத் துண்டுகூட வராது, ஒரு நாளில் ஒரு சுற்றுக்குக் கூடும் நேரம். அந்தச் சிறு தளர்ச்சியில் இழக்கும் ஆற்றலோ ஒரு லட்சம் சூரியன்களுக்குச் சமம். மேகம் முழுவதையும் எரியவைக்க அது போதும். பெடல் கனக்கிறது, விளக்கு எரிகிறது!

எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிகுந்த காமாக் கதிர் வருவது இன்னும் அழகு. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தைக் காய்க்குக் கொடுக்குமே, அதுபோல அதிவேக எலக்ட்ரான் சாதாரண ஒளித்துகளை மோதி காமாக் கதிராக விரட்டுகிறது. அந்தக் கதிர் நம் காற்று மண்டலத்தில் நுழைந்ததும் துகள் மழையாகச் சிதறி, கண் சிமிட்டுவதற்குள் மறையும் நீல மின்னலை எழுப்பும். அதைப் பிடித்துத்தான் 1989-இல் அரிசோனாவில் நண்டு நெபுலாவின் உயர் ஆற்றல் காமாக் கதிரை உறுதி செய்தார்கள். நம் லடாக்கில், ஹன்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கியை 2024 அக்டோபரில் திறந்தார்களே, அதுவும் இந்த மின்னலுக்காகத்தான். 2021-இல் சீனாவின் லாசோ ஆய்வுக்கூடம் நண்டிலிருந்து வந்த ஒரு காமா ஒளித்துகளை அறிவித்தது: கண்ணுக்குத் தெரியும் ஒளியைப்போல் சுமார் 500 லட்சம் கோடி மடங்கு ஆற்றல். 1054-இல் வெறுங்கண்ணால் பார்த்துக் குறித்துவைத்த அதே தேசம். படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நேற்று இரவு கரண்ட் போனதும் பைனாகுலரோடு மாடிக்கு ஏறினேன். ரோகிணியைப் பிடித்து, அங்கிருந்து கிழக்கே கொம்பு நுனி வரை போனேன். துறைமுக விளக்கு வெளிச்சத்தில் மேகம் தெரியவில்லை. இடம் தெரிந்தது; கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைனமோவின் தலையை விரலால் உருட்டினேன், இன்னும் சுற்றுகிறது. மாசியில் வருவதாக எழுதியிருந்தாயே, வா. மகன் சைக்கிளில் அதை மாட்டி வைக்கிறேன். இந்த முறை நான் மிதிக்கிறேன், நீ பின்னால் உட்கார்.

உன்
காசிமேட்டு நண்பன்