பதினான்கு பேரைத் தெரிவு செய்யப்போகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

உங்கள் கிரிக்கெட் கழகத்துக்கு இந்தக் கோடைக்கான 14 பேரைத் தெரிவு செய்யும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல சந்தோஷம். "1996 இலங்கை அணி மாதிரி ஆரம்பத்தில் விளாசுகிற இரண்டு பேரைப் போட்டால் காணும், மிச்சம் தானாக வரும்" என்று கூட்டாளிகள் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அணியைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் முதல் 15 ஓவர்களைத்தான் கதைக்கிறார்கள். 1996 உலகக் கிண்ணம் வந்ததோ அந்த 15 ஓவரும் பிழையாகிப்போன இரண்டு போட்டிகளில்.

கணக்கைப் பார். ஆரம்ப வீரர்களில் களுவிதாரண அந்தத் தொடரில் ஆறு இன்னிங்ஸ் ஆடி எடுத்தது 73 ஓட்டங்கள். ஜயசூரிய 221. பின்னால் வந்த அரவிந்த டி சில்வா 448, குருசிங்க 307, தலைவர் ரணதுங்க 241. அரையிறுதியில் கல்கத்தா ஈடன் கார்டனில் இந்திய வீச்சாளர் ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே ஆரம்ப வீரர்கள் இருவரும் தேர்ட் மேன் திசையில் பிடி கொடுத்துப் போய்விட்டார்கள்: 1 ஓட்டத்துக்கு 2 விக்கெட். லாகூர் இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 23 ஓட்டத்துக்கு 2. இரண்டிலும் வென்றோம். எப்படி என்று கேட்டுப் பழகினால்தான் அணியைத் தெரிவு செய்யத் தெரியும்.

அன்று முதல் 15 ஓவருக்கும் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளரைத்தான் நிறுத்தலாம். மற்ற அணிகள் அந்த நேரத்தில் விக்கெட்டைக் காப்பாற்றி, கடைசிப் பத்து ஓவரில் அடித்தார்கள். இலங்கை ஆரம்பத்திலேயே வட்டத்துக்கு மேலால் தூக்கி அடித்தது. டெல்லியில் மார்ச் 2 அன்று இந்தியாவின் 271ஐத் துரத்தும்போது பிரபாகரின் முதல் இரண்டு ஓவரில் 33 ஓட்டங்கள். வேகப்பந்து வீசுகிற அவர் பிறகு சுழல் வீசிப் பார்த்தார். 4 ஓவரில் 47 கொடுத்து நிறுத்தினார். ஜயசூரிய 76 பந்தில் 79. இவ்வளவும் எல்லாருக்கும் ஞாபகம். அதற்குப் பிறகு 141க்கு 4 விக்கெட் போனது ஞாபகமில்லை. அங்கிருந்து ஹஷான் திலகரத்ன ஆட்டமிழக்காமல் 70, ரணதுங்க ஆட்டமிழக்காமல் 46; பிரியாத அந்த 131 ஓட்ட இணைப்பாட்டம்தான் 48.4 ஓவரில் வேலையை முடித்தது.

ஆரம்ப வீரர்கள் துணிந்து அடிக்கலாம் என்று அனுமதி கொடுக்க முடிந்ததே, பின்னால் ஐந்து பேர் நின்றதால்தான். குருசிங்க, அரவிந்த, ரணதுங்க, திலகரத்ன, மஹாநாம. இதில் மஹாநாமவைக் கவனி. வருடக்கணக்காக ஆரம்ப வீரராக ஆடியவர். களுவிதாரணவை மேலே அனுப்புவதற்காக இறுதிப் போட்டியில் அவர் பெயர் ஏழாம் இடத்தில் இருந்தது. ஏழாம் இலக்கத்தில் ஓர் ஆரம்ப வீரர் இருக்கிற அணி 23க்கு 2 என்றால் பதறாது. அந்த இடத்துக்கு அப்படி ஓர் ஆளை நீ வைக்கவில்லை என்றால், மேலே விளாசச் சொல்வது வெறும் சூதாட்டம்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். அந்த ஆரம்ப வீரர்கள் இருவருக்கும் வேறொரு வேலையும் இருந்தது. ஒருவர் விக்கெட் காப்பாளர். மற்றவர் முன்பு பின்வரிசையில் ஆடி இடக்கைச் சுழல் வீசிக்கொண்டிருந்தவர். துடுப்பில் பூச்சியம் எடுத்தாலும் அவர்களுடைய இடம் வீணாகாது. அதே ஈடன் கார்டன் அரையிறுதியில் இந்தியா 98க்கு 1 என்று நல்ல நிலையில் இருந்தது. ஜயசூரியவின் பந்தில் களுவிதாரண டெண்டுல்கரை 65 ஓட்டத்தில் ஸ்டம்ப் செய்தார். முதல் ஓவரிலேயே வெளியே போன அதே இரண்டு பேர்தான்! அங்கிருந்து 120க்கு 8. ஜயசூரிய 7 ஓவரில் 12 ஓட்டம் கொடுத்து 3 விக்கெட். ரசிகர்கள் போத்தல் எறிந்து தீ வைத்ததும் போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் வெற்றியை இலங்கைக்குக் கொடுத்தார்.

இனிப் பந்துவீச்சுக் கணக்கு. 50 ஓவர்ப் போட்டியில் ஒருவருக்கு 10 ஓவர்தான். ஆக ஐந்து பேரின் ஓவர் வேண்டும். லாகூரில் முழுநேரப் பந்துவீச்சாளர் நான்கு பேர்தான்: வாஸ், விக்கிரமசிங்க, முரளி, தர்மசேன. இறுதிப் போட்டியின் அட்டையை எடுத்துப் பார். வாஸ் 6, விக்கிரமசிங்க 7, அதோடு வேகப்பந்து முடிந்தது. மிச்சம் 37 ஓவரும் சுழல்: முரளி 10, தர்மசேன 10, அரவிந்த 9, ஜயசூரிய 8. துடுப்பாட்ட வீரர் இருவர் சேர்ந்து 17 ஓவர் வீசியிருக்கிறார்கள், அதுவும் உலகக் கிண்ண இறுதியில். 137க்கு 1 என்று இருந்த அவுஸ்திரேலியா டெய்லரையும் பொன்டிங்கையும் அரவிந்தவிடம் இழந்து 170க்கு 5 ஆனது. 241க்கு மேல் போக முடியவில்லை. அரவிந்த 42க்கு 3 விக்கெட், இரண்டு பிடி, பிறகு 124 பந்தில் ஆட்டமிழக்காமல் 107. குருசிங்க 65, ரணதுங்க 47. 46.2 ஓவரில் 7 விக்கெட்டால் வெற்றி.

நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க முதலில் பந்துவீசியதும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். அதுவரை இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடி யாருமே உலகக் கிண்ண இறுதியை வென்றதில்லை. ஆனால் இரவில் பனி விழுந்தால் ஈரப்பந்தைச் சுழல் வீச்சாளர் விரலில் பிடிக்க முடியாது. சுழலையே நம்பிய அணி காய்ந்த பந்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. பிறகு அவுஸ்திரேலியச் சுழல் வீச்சாளர் வோர்ன் 10 ஓவரில் 58 கொடுத்து விக்கெட் இல்லாமல் போனார்.

1996 அணியின் 14 பேரில் இறுதிப் போட்டியில் வெளியே இருந்தவர்கள் மார்வன் அதபத்து, உபுல் சந்தன, ரவீந்திர புஷ்பகுமார. ஒரு துடுப்பாட்ட வீரர், சுழலும் களத்தடுப்பும் தெரிந்த ஒருவர், ஒரு வேகப்பந்து வீச்சாளர். மேலதிக ஆட்களைத் தெரிவு செய்வது இப்படித்தான். யார் காயப்பட்டாலும் அதே மாதிரி ஓர் ஆள் வெளியே இருக்க வேண்டும்.

இது ஒரே நாளில் வந்த அணியும் இல்லை. 1975 உலகக் கிண்ணத்தில் லண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவின் 328க்கு எதிராக 4 விக்கெட்டுக்கு 276 எடுத்தோம்; தொம்சனின் பந்து பட்டு துலீப் மென்டிசும் சுனில் வெத்தமுனியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 1979இல் இந்தியாவை 47 ஓட்டத்தால் வென்றோம், டெஸ்ட் தகுதியே கிடைக்காத காலத்தில். 1983இல் நியூசிலாந்தை மட்டும். 1987இல் ஆறு போட்டியிலும் தோல்வி. கராச்சியில் மேற்கிந்தியத் தீவுகளின் விவ் ரிச்சர்ட்ஸ் 181 அடித்தது அப்போதுதான். நம்முடைய தமிழ் வீரர்கள் வினோதன் ஜோனும் ஸ்ரீதரன் ஜெகநாதனும் அந்த அணியில் இருந்தார்கள். 1992இல் சிம்பாப்வேயின் 312ஐத் துரத்தி வென்றோம். ஒருநாள் போட்டியில் 300ஐத் தாண்டித் துரத்தியது அதுதான் முதல் தடவை. ஐந்து உலகக் கிண்ணங்களில் மொத்தம் நான்கு வெற்றி. கராச்சியில் அடி வாங்கிய ரணதுங்க, அரவிந்த, குருசிங்க, மஹாநாம நால்வரும் ஒன்பது வருடம் கழித்து லாகூரில் ஆடினார்கள். தோற்ற ஆட்களை உடனே தூக்கி எறியாமல் வைத்திருந்த தெரிவுக் குழுக்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பிறகு பிழையாகிப்போனதையும் சொல்கிறேன், உனக்கு அதுதான் கூடப் பிரயோசனம். 1999இல் ஏறக்குறைய அதே ஆட்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். மே மாதக் குளிரில் பந்து அசைந்தது. சுழலை நம்பிய திட்டம் அங்கே எடுபடவில்லை, முதல் சுற்றோடு வெளியே வந்தார்கள். ஆடப்போகும் தரையைப் பார்க்காமல் பழைய பெயர்களைப் பார்த்தால் அப்படித்தான்.

இந்தியாவிடம் தோற்ற 2011 உலகக் கிண்ண இறுதி இன்னும் பெரிய பாடம். அஞ்சலோ மெத்தியூஸ் காயப்பட்டார். ஆறாம் இலக்கத் துடுப்பும் வேகப்பந்தும் அவருடைய வேலைகள். அவருக்குச் சரியான மாற்று இல்லாததால் அணியின் சமநிலையே குலைந்து, மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த அந்த இறுதிக்கு நான்கு மாற்றம் செய்தார்கள். ரங்கன ஹேரத் வெளியே, கடைசி நேரத்தில் நாட்டிலிருந்து கூப்பிட்ட சுராஜ் ரண்டிவ் உள்ளே. மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103 எடுத்தும், வேகப்பந்து வீச்சாளர் மாலிங்க சேவாக்கையும் டெண்டுல்கரையும் 31 ஓட்டத்துக்குள் எடுத்தும், 274 போதவில்லை. அரையிறுதியை வென்ற பந்துவீச்சைக் கலைத்தது பிழை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

2023 உலகக் கிண்ணத்தில் வனிந்து ஹசரங்க காயத்தால் தொடருக்கே வரவில்லை. சுழலும் கீழ்வரிசைத் துடுப்பும் ஒன்றாகப் போயின. தலைவர் தசுன் ஷானகவும் இடையில் காயப்பட்டார். அவரும் இரட்டை வேலைக்காரர். வான்கடேயில் இந்தியாவிடம் அணி 55 ஓட்டத்தில் சுருண்டது. ஒன்பது போட்டியில் இரண்டு வெற்றி, ஒன்பதாம் இடம், 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்துக்கும் இடமில்லை.

இனி உன் பட்டியல். பெயர்களை எழுத முதல் ஒரு தாளில் 1 முதல் 11 வரை வேலைகளை மட்டும் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆளின் பெயர், பக்கத்தில் அவருடைய இரண்டாவது வேலை. மேலே அடித்து ஆடப்போகிற இருவருக்கும் அந்த இரண்டாவது கட்டம் வெறுமையாக இருந்தால், ஒருவரையாவது மாற்று. உங்கள் போட்டி 40 ஓவர் என்றால் ஒருவருக்கு 8 ஓவர். 40ஐயும் யார் போடுவார்கள் என்று கூட்டிப் பார், பிறகு சிறந்த பந்துவீச்சாளர் ஒருவருக்கு அன்று அடி விழுந்தால் அந்த 8இல் 5ஐ யார் போடுவார்கள் என்றும் எழுது. அங்கே பெயர் வராவிட்டால் அணி இன்னும் முடியவில்லை. கடைசியாக, உங்கள் மைதானத்தில் பின்னேரம் பனி விழுமா, புல் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும் என்று அங்கே நெடுநாள் ஆடியவர்களிடம் கேள்; தலைவராகப் போகிறவரும் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலைத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. ஆறாம், ஏழாம் இடங்களுக்கு யாரைப் போட்டிருக்கிறாய் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா