தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிடில்செக்ஸ் கவுன்ட்டியின் கதையும் வேண்டும்

நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டு விழாக் கண்காட்சிக்கு நீங்கள் தலைப்புகள் தேர்ந்தெடுக்கும் நேரம் இது. ராஜராஜ சோழன், கல்லணை, கீழடி எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். கூடவே, பிள்ளைகள் வளரும் இந்த ஊரின் வரலாற்றையும் ஒரு தலைப்பாகச் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

“அதான் எடிசன் இருக்கிறாரே” என்பீர்கள். இருக்கிறார். 1876-ல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் வைத்தார், 1879-ல் பல்பு எரிந்தது, 1954-ல் ராரிட்டன் டவுன்ஷிப் அவர் பெயருக்கு மாறியது. பல்பு படம் ஒட்டிய பழைய சார்ட் ஒன்று நம்மில் பல பேர் கராஜில் கிடக்கும். நான் கேட்பது அதுவல்ல.

1818-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அடிமையாக இருப்பவரை அவர் சம்மதமில்லாமல் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நியூ ஜெர்சியில் அப்போதே சட்டம் இருந்தது. நீதிபதி விசாரித்துச் சான்று தர வேண்டும். மிடில்செக்ஸ் கவுன்ட்டி நீதிபதி ஜேக்கப் வான் விக்கிள் அந்தச் சான்றுகளை வரிசையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நூறு பேருக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் பெர்த் அம்பாய் பக்கமிருந்து கப்பலேற்றப்பட்டு லூசியானா தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்த வியாபாரத்தில் நீதிபதியின் மைத்துனருக்கும் பங்கு உண்டு. அனுப்பப்பட்டவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். பேச்சே வராத குழந்தை எப்படி ஐயா சம்மதித்தது? பத்து வயதுப் பிள்ளை ஒன்று அந்தத் தாள்களைப் பார்த்தால் முதலில் இதைத்தான் கேட்கும். அந்த நவம்பரில் சட்டமன்றம் இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. நீதிபதிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கையெழுத்தும் தேதியும் ஒழுங்காக இருக்கிற காகிதம்கூடப் பொய் சொல்லும். அதை இதைவிட நன்றாகக் கற்றுத்தர வேறு பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, 1804-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஜூலை 4-க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை சுதந்திரமானது என்று அறிவித்துவிட்டு, பெண் என்றால் 21 வயது வரை, ஆண் என்றால் 25 வயது வரை தாயின் எஜமானருக்கே உழைக்க வேண்டும் என்றது. நம் ஊர்க் கணக்கில் கொத்தடிமைதான். அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்தை 1865-ல் இந்த மாநிலம் நிராகரித்தது. 1866 ஜனவரியில்தான் ஏற்றது. “வடக்கு மாநிலம்தானே, இங்கே அதெல்லாம் இருந்திருக்காது” என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

அப்புறம் தாமஸ் மண்டி பீட்டர்சன். மெட்டச்சனில் பிறந்தவர், பெர்த் அம்பாயில் பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 15-ஆவது திருத்தம் வந்த கையோடு, 1870 மார்ச் 31 அன்று அதன்படி வாக்களித்த முதல் கறுப்பினத்தவர். 1884-ல் ஊர் மக்கள் அவருக்குப் பதக்கம் செய்து போட்டார்கள். அந்தப் பதக்கம் இப்போது இருப்பது எங்கே தெரியுமா? லூசியானாவில், சேவியர் பல்கலைக்கழகத்தில்.

இதெல்லாம் அமெரிக்கப் பள்ளியின் வேலை, நமக்கெதற்கு என்று சிலர் சொல்வார்கள். கறுப்பின வரலாற்றைப் பாடத்தில் சேர்க்க 2002-லேயே அமிஸ்டாட் சட்டம் வந்தது உண்மை. 2022-ல் ஆசிய அமெரிக்கர் வரலாற்றுக்கும் சட்டம் வந்தபோது நாம் வாட்ஸ்அப்பில் கொண்டாடினோம். 1987-ல் ஜெர்சி சிட்டியில் பொட்டு வைத்தவர்களைக் குறிவைத்து ஒரு கும்பல் தாக்கியதை அடுத்தவர் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று விரும்புகிற நாம், அடுத்தவர் பட்டதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? அதோடு, பண்டிகையையும் மன்னரையும் பற்றியே எழுதிப் பழகிய பிள்ளைக்கு வாக்குரிமை, சாட்சியம், விசாரணை பற்றித் தமிழில் எழுத வேறு வாய்ப்பு எங்கே இருக்கிறது?

செய்வது பெரிய காரியமில்லை. மேல்வகுப்புப் பிள்ளைகளை ட்ரெண்டனில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. இல்லையென்றால் பெர்த் அம்பாய் வரை ஒரு ஞாயிறு. ஆளுக்கு ஒரே ஓர் ஆவணம், அதைப் பற்றி இரண்டு பக்கம் போதும். நடுவர்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவையுங்கள்: சார்ட்டின் மினுமினுப்புக்கு மதிப்பெண் வேண்டாம், “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதிலுக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
எடிசனில் வசிக்கும் ஒரு பெற்றோர்