‘ஊமை விழிகள்’ படத்தின் ஓரங்களை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் எண்பதுகளின் க்ரைம் படங்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். ‘ஊமை விழிகள்’ படத்துக்கு ஒரே ஒரு வரி, அதுவும் விஜயகாந்த் பெயரோடு முடிந்துவிட்டது. அந்தப் படத்தை இரண்டு வாரம், தினம் இரண்டு காட்சி ஓட்டிய ஆபரேட்டர் நான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியான படம். எங்களுடையது சி சென்டர், அதாவது படம் கடைசியாக வந்து சேரும் சிற்றூர்க் கொட்டகை. படப் பெட்டி வந்து சேர்ந்தபோது மறு பொங்கலே கழிந்துவிட்டது. திரைப்படக் கல்லூரியில் படித்த பையன்கள் எடுத்தது, ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்தராஜ் டைரக்‌ஷன் என்றதும் எங்கள் முதலாளி, “பாடம் நடத்தியிருப்பானுங்கப்பா” என்று இழுத்தார். முதல் நாள் இரவுக் காட்சி முடிந்து கேஷை எண்ணியபிறகு அந்தப் பேச்சே இல்லை.

அது சினிமாஸ்கோப், அதாவது அகலத் திரைப் படம். லென்ஸை மாற்ற வேண்டும், திரையின் இரண்டு பக்கத்துக் கறுப்புத் துணியையும் விலக்க வேண்டும். ப்ரொஜெக்டருக்குள் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிகிற காலம் அது. இரண்டு குச்சிக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடினாலும் வெளிச்சம் மங்கும். மற்ற படமென்றால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். இதில் பாதிக் கதை ராத்திரியில் நடக்கிறது. திரை மங்கினால் “டேய் ஆபரேட்டர்!” என்று கூரை அதிரும். கிழவி மணியை அடிப்பாள், இருட்டுக்குள்ளிருந்து குதிரை வண்டி வரும். அந்த இடத்தில் மட்டும் விசில்கூட வராது. சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக நான் திரையைப் பார்க்க மாட்டேன், பெஞ்சு டிக்கெட்டைத்தான் பார்ப்பேன். பீடி நெருப்புகள் அப்படியே அசையாமல் நிற்கும்.

‘காதலிக்க நேரமில்லை’ ரவிச்சந்திரனையா இப்படி வில்லனாக்கினார்கள் என்று பெண்கள் பக்கம் புலம்பியதும் நினைவிருக்கிறது. துப்பாக்கியும் கையுமாகவே பார்த்துப் பழகிய ஜெய்சங்கர் இதில் பத்திரிகை ஆசிரியர். ‘தோல்வி நிலையென நினைத்தால்’ பாட்டு அந்தப் பத்திரிகைக்காரர்களுக்காகத்தான் வருகிறது. (நீங்களும் அதே தொழில், நீங்களே ஒரு வரியில் முடிக்கலாமா?)

போன மாதம் ஒரு டிவி சேனலில் இதே படத்தைப் போட்டார்கள். சோறு போட்ட தட்டோடு உட்கார்ந்தவன் பாதியில் எழுந்துவிட்டேன். ஸ்கோப் படத்தை டிவி திரைக்குள் அடைக்க இரண்டு ஓரத்தையும் நறுக்கியிருந்தார்கள். இன்றைய அகல டிவிக்கு அப்படி வெட்டினாலே கால்வாசிப் படம் போய்விடும். பழைய சதுர டிவிக்கு வெட்டி வைத்த பிரதி என்றால் நாற்பது சதவீதத்துக்கு மேல் காலி. குதிரை தெரிந்தால் வண்டி தெரியவில்லை. இருவர் பேசினால் ஒருவருக்கு மூக்கு மட்டும்தான். போதாததற்கு ராத்திரி ‘நன்றாகத் தெரியட்டும்’ என்று வெளிச்சத்தையும் ஏற்றிவிட்டார்கள். பயமுறுத்த வேண்டிய இருட்டு, சாம்பல் பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

சேனலுக்கு போன் போட்டேன். படத்தை வெட்டாமல் முழுசாகப் போட்டு, மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்தால் டிவி ரிப்பேர் என்று ஜனங்கள் நினைக்கிறார்களாம். அதையும் முழுக்கத் தப்பென்று சொல்ல முடியவில்லை. என் பேரனே போனில் படம் பார்க்கும்போது இரண்டு விரலால் இழுத்து முழுத்திரையாக்கிவிடுகிறான். “கறுப்பா இருக்கே தாத்தா” என்கிறான். “எங்க கொட்டகையில நாலு பக்கமும் கறுப்புதான்டா” என்றேன். நம்பவில்லை.

படம் தொடங்கும்போது ‘இது சினிமாஸ்கோப் படம், பட்டை வரும்’ என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். அப்புறம் விளம்பரம் எத்தனை போட்டாலும் சரி, நான் எழுந்து போக மாட்டேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
பழைய தியேட்டர் ஆபரேட்டர்,
உசிலம்பட்டி.