மார்க் குறைந்த வாத்தியார்

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள தேனு,

நீ பக்கம் பக்கமாக அனுப்பும் செய்திகளுக்கெல்லாம் நான் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறேன் என்று வள்ளியிடம் புலம்பினாயாம். அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. வீட்டுப் பங்கு விவகாரம் அப்படியேதான். ஓடு மாற்ற ஒரு பங்காளியும் கையெழுத்துப் போடவில்லை, மழை வந்தால் இரண்டாம் கட்டில் வாளி வைக்கிறோம். அண்ணனுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறதா? சரி, நலம் விசாரித்தாயிற்று.

விஷயம் எங்கள் கல்லூரி இயற்பியல் வாத்தியார், நம் மீசையைப் பற்றியது.

எங்கள் கல்லூரியில் கற்பித்தல் மேம்பாட்டு மையம் என்று ஒரு போர்டு மாட்டி, அதற்கு என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கியது உனக்குத் தெரியும். மையம் என்றால் ஒரு மேசை, ஒரு பீரோ. பீரோவின் சாவி இன்னும் வந்து சேரவில்லை. நான் செய்த வேலை என்ன? எஃப்.டி.பி. என்ற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி நடத்துவது. யாராவது வந்து இரண்டு மணி நேரம் பேசுவார். "விரிவுரை முறையை விட்டொழியுங்கள்" என்று அவர் விரிவுரை ஆற்றுவார், நாங்கள் குறிப்பெடுப்போம். கடைசியில் கூகுள் ஃபார்ம், சான்றிதழ், கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழுவின் கோப்புக்கு இடக்குறி (ஜியோ டேக்) வைத்த போட்டோ. 1987இல் யுஜிசி ஆசிரியர் பயிற்சிக்கென்று அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியதிலிருந்து ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் என்று நாமும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறோம். பதவி உயர்வுக்கு உதவியது, மறுக்கவில்லை. வகுப்பில் என்ன மாறியது, சொல்லு?

இதையெல்லாம் என்னைவிட அதிகமாகக் கிண்டல் செய்தவன் மீசைதான். அவனே ஒருநாள் வந்து, "உமையா, என் கிளாஸ்ல வந்து பின்பெஞ்சில உட்காரு. என்னைப் பார்க்காதே, பிள்ளைங்க என்ன செய்யுதுங்கன்னு மட்டும் பாரு" என்றான். உட்கார்ந்தேன். பி.எஸ்சி. முதலாண்டு இயக்கவியல். அவன் குரலுக்கு என்ன குறை! ஆனால் பிள்ளைகள் தலை நிமிரவே இல்லை, எழுதித் தள்ளினார்கள். புரிகிறதா என்று கேட்டால் "எஸ் சார்" என்று கோரஸ்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் முறையை எடுத்தோம். ஹார்வர்டில் 1990களின் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்ததுதான். ஒரு கேள்வி கொடு, ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும், மறுபடி விடை சொல்லட்டும். கருவி வாங்கக் காசு கிடையாது. பழைய ஃபைல் அட்டையை வெட்டி நாலு நிறம் அடித்தோம். முதல் கேள்வி, பந்தை நேராக மேலே எறிகிறோம், உச்சியில் அது நிற்கும் அந்தக் கணத்தில் அதன் மேல் விசை எவ்வளவு? வகுப்பில் பாதிக்கு மேல் 'பூஜ்யம்' அட்டை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தொண்ணூறு வாங்கிய பிள்ளைகளும்தான்! "பேசுங்கள்" என்றதும் பார்க்க வேண்டுமே. கல்லலிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண், அதுவரை நான் அவள் குரலையே கேட்டதில்லை, "விசை இல்லைன்னா அது அங்கயே நிக்கணும்ல, எதுக்குக் கீழ விழுகுது?" என்று பக்கத்துப் பையனை மடக்கிவிட்டாள். இங்கிலீஷில் பாடம் கேட்டவர்கள் தமிழில்தான் சண்டை போட்டார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது, சிரிக்காதே.

செமஸ்டர் முழுக்க அப்படி நடத்தினான். முடிவில் மாணவர் கருத்துப் படிவம் வந்தது. துறையிலேயே அவனுக்குத்தான் கடைசி மார்க். "சார் பாடம் நடத்துவதில்லை, எங்களையே பேசச் சொல்கிறார்." "நோட்ஸ் இல்லை." இப்போது விளக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். யாரிடம்? ஸ்க்ரூகேஜ் உடைந்ததற்குக்கூட விளக்கம் தராத ஆளிடம்!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இது தெரிந்த விஷயம், தேனு. 2014இல் ஃப்ரீமனும் கூட்டாளிகளும் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்; விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோற்றவர்கள் சுமார் 34 சதவீதம், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் சுமார் 22. 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்பில் இன்னொன்று பார்த்தார்கள். தாங்களே முட்டிமோதிக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். நல்ல பேச்சைக் கேட்டால் எல்லாம் புரிந்தது போல ஒரு சுகம் வருகிறது. தானே யோசித்தால் தலைவலிதான் வருகிறது. நம் படிவமோ "ஆசிரியர் தெளிவாக விளக்குகிறாரா?" என்றுதான் கேட்கிறது. சுகத்துக்கு மார்க்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். பிள்ளைகள் சொல்வதும் முழுப் பொய்யில்லை. செமஸ்டர் வினாத்தாளில் என்ன கேட்கிறோம்? 'வரையறு', 'விளக்குக'. அதன் பக்கத்தில் கே4 என்று சிந்தனை நிலையின் எண்ணைப் போட்டுவிட்டால் அது பகுத்தாய்வுக் கேள்வி ஆகிவிடுமா? பாவம் ப்ளூம், 1956இல் அவர் கற்றலுக்குப் போட்ட படிநிலையை நாம் வினாத்தாளுக்கு முத்திரையாக்கிவிட்டோம். பரீட்சை நோட்ஸைக் கேட்கும்போது வகுப்பு மட்டும் யோசிக்கச் சொன்னால், பஸ் பிடித்து வீடு போய் வேலையும் பார்க்கும் பிள்ளைக்கு அது அநியாயம்தான். 75 மார்க் பல்கலைக்கழகத்தின் கையில். அகமதிப்பீட்டு 25 நம் கையில்தானே இருக்கிறது? அதையாவது மாற்றலாம்.

புதன்கிழமை கூட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறேன். ஏன் இப்படி நடத்துகிறோம் என்று முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்த 2019 ஆய்வுக்காரர்கள் சொன்னதும் அதுவே. புது முறையில் இறங்கும் ஆசிரியரின் கருத்துப் படிவ மார்க்கை இரண்டு செமஸ்டருக்கு மதிப்பீட்டில் சேர்க்கக்கூடாது. எஃப்.டி.பி.க்குச் செலவழிக்கும் காசில் துறைக்கு ஒருவருக்கு வாரம் நாலு மணி நேரம் வேலை குறைத்து, சக ஆசிரியரோடு உட்கார விட வேண்டும். நோபல் வாங்கிய இயற்பியலாளர் கார்ல் வீமன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கியதும் ஏறக்குறைய இதுதான், துறைக்குள்ளேயே ஆள் போட்டார். அவருக்குப் பெரிய பணம் இருந்தது, நமக்கு ஃபைல் அட்டை.

நம் ஊரில் பணம் கொடுக்கவா ஆளில்லை? அழகப்பச் செட்டியார் இங்குள்ள சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், நேரு 1948இல் அடிக்கல் நாட்டினார். கட்டடம் என்றால் இன்றும் கல்வெட்டோடு ஆள் வரும். வாரம் நாலு மணி நேரத்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாது, அதுதான் சிக்கல்.

என் கவலை கூட்டம்கூட இல்லை. மீசை நேற்று, "எனக்கு எதுக்கு வம்பு, பழையபடி நோட்ஸ் குடுத்துட்டுப் போறேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் பின்வாங்கிவிட்டால் இந்தக் கல்லூரியில் இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் இதைத் தொடமாட்டார்கள். நான் சொன்னால் மையத்துக்காகப் பேசுகிறேன் என்பான். நீ சொன்னால் கேட்பான், கேட்காவிட்டால் அந்தக் கொட்டாம்பட்டி டூர் கதையை எடு. புதனுக்குள் ஒரு போன் போடு. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்படியே உன் வேதியியல் வகுப்புக் கேள்விகள் இருந்தால் எனக்கு அனுப்பு, இங்கே இரண்டு பேர் கேட்கிறார்கள்.

வள்ளி அடுத்த வாரம் கோவை வருகிறாள். மனகோலமும் சீப்புச்சீடையும் கொடுத்துவிடுகிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பு, போன தடவையே அனுப்பவில்லை.

உன்
உமையாள்