மூடியைப் போட்டு அனுப்பு

தோ பாயோ, சிங்கப்பூர்,
புதன் இரவு

அன்புள்ள ஜமால்,

மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. இங்கே எல்லாரும் நலம். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததா? கடையநல்லூரில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது என்று மணியம் சொன்னான். இங்கேயும் மதியம் மூன்று மணியானால் கொட்டுகிறது. பாக்கியம் அக்கா இன்னும் உன் முந்நூறு வெள்ளியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் வாயே திறக்கவில்லை.

தீமிதி அன்று சவுத் பிரிட்ஜ் ரோட்டுப் பள்ளிவாசல் மினாராவும் மாரியம்மன் கோவில் கோபுரமும் ஒரே சட்டத்தில் வேண்டும் என்று கேட்டாயே, அந்தப் படம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வாங்கினேன் என்று போனில் சொன்னேன் அல்லவா? இருநூற்றெண்பது வெள்ளி. சட்டைப் பைக்குள் அடங்கும். எந்தக் கம்பெனி என்று இன்றுவரை உன்னிடம் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. சொன்னால் "அதையா வாங்கினாய்?" என்று ஒரு சிரிப்பு சிரிப்பாய். எனக்கு அது இங்கேயே கேட்கிறது.

படம் நன்றாகத்தான் விழுகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அணைத்தால் எல்லாம் மறந்துவிடுகிறது. ஃபிளாஷ் வேண்டாம் என்று வைத்தால், அணைத்து மறுபடி போடும்போது ஃபிளாஷ் தயாராக நிற்கிறது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைத்தால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுகிறது. பூவைக் கிட்டத்தில் எடுக்க மேக்ரோவில் வைத்தால் அதுவும் போச்சு. சரி, அணைக்காமலே வைத்திருப்போம் என்றால், ஒரு நிமிடம் நான் தொடவில்லை என்றதும் லென்ஸை உள்ளே இழுத்துக்கொண்டு தானாகவே தூங்கிவிடுகிறது. எழுப்பினால் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தினமும் காலையில் வந்து "நான் யாருக்கு வேலை பார்க்கிறேன்?" என்று கேட்கிற வேலைக்காரனை நீ எத்தனை நாள் வைத்திருப்பாய்?

போதாக்குறைக்குத் தேதியும் அழிந்துபோனது. போடும்போதெல்லாம் தேதியும் மணியும் கேட்கும். எரிச்சலில் கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கியதால் பேரன் பிறந்தநாள் படங்களில் எல்லாம் 2012 ஜனவரி 1, நள்ளிரவு. 2012-ல் அவன் பிறக்கவே இல்லை! கணினி தேதி வரிசைப்படி அடுக்குகிறதா, அந்தப் படங்களெல்லாம் என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டன. மருமகன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "உள்ளே சின்ன பேட்டரி செத்துவிட்டது அங்கிள், அதனால்தான் எல்லாம் மறக்கிறது" என்றார். நானும் நம்பி ஒரு மாதம் அந்தச் சின்ன பேட்டரியைச் சபித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கோப்பிக் கடையில் பால் இல்லாத தே ஓவை வைத்துக்கொண்டு பட்டன்களை நோண்டும்போதுதான் உறைத்தது. நான் அணைத்த பீப் சத்தம் அணைந்தே இருக்கிறது. திரையின் மொழி நான் வைத்ததுபோலவே இருக்கிறது. படத்தின் அளவும் அப்படியே. அப்படியென்றால் இதற்கு மறதி இல்லையடா. எதை மறக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மறக்கிறது!

வீட்டுக்கு வந்து கையேட்டை இறக்கிப் படித்தேன். இருநூறு பக்கத்துக்கு மேல். கடைசியில் ஓர் அட்டவணை, அதன் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு குறிப்பு. விஷயம் இவ்வளவுதான்: மேலே உள்ள சக்கரத்தை, எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்கிற பச்சை ஆட்டோவில் வைத்தால், யார் கையில் எடுத்தாலும் படம் விழ வேண்டும் என்று நினைத்து, அணைக்கும்போது நம் மாற்றங்களைத் துடைத்துவிடுகிறார்கள். அதே சக்கரத்தில் 'பி' என்ற எழுத்தில் வைத்தால் பெரும்பாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். 'சி' என்று ஒன்று இருக்கிறது. அது நம் விருப்பத்தைச் சேமித்து வைக்கும் இடம். ஆனால் சேமித்த நிமிடத்தில் என்ன இருந்ததோ அதுதான் அதற்கு வேதவாக்கு. அதற்குப் பிறகு நாம் என்ன மாற்றினாலும் அணைத்ததும் பழையபடி ஆகிவிடும். நான் முதல் நாளே தெரியாத்தனமாக வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைத்த நிலையில் சேமித்துவிட்டிருக்கிறேன். மகள் வீட்டுச் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்தாற்போல இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பென்டாக்ஸின் பழைய சின்ன டிஜிட்டல் கேமராக்களில் 'மெமரி' என்று ஒரு பக்கமே உண்டு. ஃபிளாஷ், விளக்கின் நிறத்தைச் சரிசெய்கிற வெள்ளைச் சமநிலை, வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்கிற ஐஎஸ்ஓ, ஜூம் என்று ஒவ்வொன்றாக வரிசையாக இருக்கும். எதை ஞாபகம் வைக்க வேண்டுமோ அதற்கு நேரே ஒரு டிக் போட்டால் போதும். கேட்டுவிட்டு மறப்பது மரியாதை. கேட்காமல் மறந்தால் அதற்கு என்ன பெயர்?

இன்னொன்று. சிரிக்காதே. தேதி அழிந்த விஷயத்தில் குற்றவாளி நீதான். நாம் வைக்கிற மற்ற செட்டிங்கெல்லாம் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத மெமரியில் எழுதப்படுகிறது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக உள்ளே ஒரு குட்டி பேட்டரி. பெரிய பேட்டரியிலிருந்துதான் அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பெரியதைக் கழற்றிப் பல நாள் போட்டுவைத்தால் குட்டி காய்ந்துபோகும். நானோ ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கேமராவை ஈரம் ஏறாத டிரை கேபினெட்டில் வைப்பேன். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்? "கழற்றி வைடா, ஒழுகிவிடும்" என்று என் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது யார்? நாற்பது வருஷமாகக் கைப்பழக்கமாகிவிட்டது. சார்ஜ் ஏற்றிய பேட்டரியை உள்ளேயே போட்டு ஒரு நாள் முழுக்க விட்டேன். இப்போது தேதி நிற்கிறது.

இதையெல்லாம் செப்டம்பரிலேயே கண்டுபிடித்துவிட்டேன் ஜமால். அப்படியிருந்தும் தீமிதி அன்று கோட்டைவிட்டேன். அதுதான் மனதை அறுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சவுத் பிரிட்ஜ் ரோட்டில், நீ சொன்ன அதே எதிர்ச்சாரியில் போய் நின்றேன். பள்ளிவாசலின் இரண்டு மினாராவும் மாரியம்மன் கோவில் கோபுரமும் ஒரே படத்தில் வரும் இடம். உன் அத்தா தொழுதுவிட்டு வரும்வரை நாம் பகோடா ஸ்திரீட் முனையில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றோமே, அந்த ஞாபகம் வந்தது. பள்ளிவாசல் 1826, கோவில் 1827, ஒரு வயது மூத்தது எங்களுடையது என்று நீ அடிக்கடி அளந்ததும் ஞாபகம் வந்தது.

எல்லாம் தயார் செய்தேன். சக்கரம் 'பி'யில். ஃபிளாஷ் இல்லை. ஐஎஸ்ஓ 3200. இருட்டைப் பார்த்துக் கேமரா பயந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும் என்று ஒரு படி குறைத்தேன். விளக்கின் மஞ்சளை வெளுத்துவிடக்கூடாது என்று வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தினேன். பெருமையாக இருந்தது. கூட்டம் நெருக்கியது. கேமராவைப் பைக்குள் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். அந்த இடிபாட்டில் சக்கரம் ஒரு சொடுக்கு நகர்ந்து பச்சைக்குப் போயிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் பள்ளிவாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். தீ மிதிக்கப்போகிற மகனோடு ஒரு வயதான அம்மா, மஞ்சள் புடவை, கையில் வேப்பிலை. கண் பாதி மூடி, உதடு அசைந்துகொண்டே இருந்தது. தடுப்புக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டார். பின்னால் உன் மினாராக்கள் மங்கலாகத் தெரிந்தன. நான் நினைத்ததைவிட நல்ல படம். அமுக்கினேன்.

பளீர் என்று அடித்தது. மூன்று அடி தூரத்தில், நேராக முகத்தில்.

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு அடுத்த அடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடவினார். மகன் சட்டென்று தோளைப் பிடித்தான். தொண்டூழியர் ஒருவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "மன்னிச்சிருங்கம்மா" என்றேன். மேளச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். அந்த மகன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். அப்புறம் எடுக்கவே இல்லை. உன் மினாராவும் கோபுரமும் அன்றைக்கு முழுவதும் கண் முன்னால் நின்றன, ஒன்றுகூட எடுக்கவில்லை. பஸ்ஸிலும் ஏறாமல் கிளார்க் கீ வரை நடந்தேன்.

வீட்டில் சொன்னேன். "கேமராவைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க, இப்ப யாரைத் திட்டப்போறீங்க?" என்று கேட்டாள் உன் அண்ணி. பதில் இல்லை. பொறியாளர்களைத் திட்டலாம், பச்சைச் சக்கரத்துக்கு ஒரு பூட்டு வைத்தால் என்ன என்று. ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நேற்று ராத்திரியின் 3200 இன்று மத்தியான வெயிலில் அப்படியே நின்றால் அத்தனை படமும் புள்ளி புள்ளியாகத்தான் வரும். பத்து விநாடி டைமர் மறுநாளும் ஞாபகமாக இருந்தால் ஓடுகிற பேரனை எப்படிப் பிடிப்பது? ஞாபகமே எப்போதும் நல்லது என்று சொல்லவும் முடியாது. நம் பழைய பென்டாக்ஸ் ஃபிலிம் கேமரா கே1000 மறக்கவே மறக்காது. ஃபிலிமின் வேகத்தை வைக்கிற ஏஎஸ்ஏ வளையம் நீ விட்ட 400-லேயே நின்றதால்தானே, 100 ஃபிலிமில் எடுத்த மணியத்தின் நிச்சயதார்த்தப் படம் முப்பத்தாறும் இருட்டாகிப்போனது! மணியத்தின் மாமனார் இன்றைக்கும் என்னைக் கண்டால் விளக்கைப் போடச் சொல்கிறார்.

ஆனால் ஒன்று. அந்த கே1000-ல் வேகம் எத்தனை, அபெர்ச்சர் எத்தனை என்று பையிலிருந்து எடுத்த கணமே கண்ணால் பார்க்கலாம். இருட்டில் விரலாலேயே எண்ணலாம். ஃபிளாஷ் வேண்டுமென்றால் நாமாக மாட்டினால்தான் உண்டு. இதில் எல்லாம் திரைக்குள் இருக்கிறது, திரையும் தூங்கிவிடுகிறது.

சக்கரம் நகராதபடி ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். ஃபிளாஷ் கண்ணாடி மேலேயும் ஒன்று. கேமராவைப் பார்த்தால் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுபோல இருக்கிறது.

அந்த ஒரு படம் கார்டில் கிடக்கிறது. நேற்றுத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் முகம் வெள்ளைக் காகிதம்போல வெளுத்திருக்கிறது, பின்னால் ஒரே கறுப்பு, மினாராவும் இல்லை ஒன்றும் இல்லை. வேப்பிலை மட்டும் இலை இலையாக அவ்வளவு துல்லியம். அழிக்கக் கை வரவில்லை. வைத்திருக்கவும் கூச்சமாக இருக்கிறது. உனக்கு அனுப்பட்டுமா, அழித்துவிடட்டுமா? நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். உன் தம்பி மகன் டிசம்பரில் இங்கே வரும்போது கே1000-ஐக் கொடுத்து அனுப்பு. பங்கு உனக்கும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் என்னிடம் இருக்கட்டும். அடுத்த தீமிதிக்கு அதைத்தான் கொண்டுபோகப்போகிறேன். மினாராவும் கோபுரமும் ஒரே சட்டத்தில், கட்டாயம்.

லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தால் துடைக்கிறேன் என்று நீ கை வைக்காதே, இங்கே பார்த்துக்கொள்கிறேன். லென்ஸ் மூடியை மறக்காமல் போட்டு அனுப்பு. அதற்கு அணைக்கிற சுவிட்சே கிடையாது, மூடி இல்லாவிட்டால் லென்ஸில் வெளிச்சம் படும்போதெல்லாம் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

அன்புடன்,
கதிரேசன்